இடக்கன்னத்து வைத்தியம்

தோட்டத்து ஆஸ்பத்திரியில் எனக்கு ஐந்து வாரம் அழகு வைத்தியம் நடந்தது என்று சொன்னால் இன்றைக்கு ஒருவரும் நம்புவதில்லை. என் முகத்தை ஒருமுறை பார்த்துவிட்டுச் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். முகம் அப்போதும் இப்படித்தான் இருந்தது, ஆனால் வைத்தியம் நடந்தது நிஜம்.

மலாயாவில், குளுவாங் டவுனிலிருந்து ஐந்து மைல் உள்ளே இருந்தது எங்கள் ரப்பர் தோட்டம். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தைந்தாம் வருஷம், தை மாதக் கடைசி. ரப்பர் மரம் வருஷத்துக்கு ஒருமுறை இலை மொத்தத்தையும் கொட்டிவிட்டு மொட்டையாக நிற்கும். மற்ற மாதங்களில் வேலைக்காடு நடுப்பகலிலும் இருட்டாகத்தான் கிடக்கும். இலை கொட்டுகிற அந்த இரண்டு மாதம் மட்டும் காலை எட்டு மணிக்கே வெயில் உச்சந்தலையில் இறங்கும். மரப்பட்டையைச் சீவிப் பால் வெட்டுகிற எங்களுக்கு ஒதுங்க ஒரு கையகல நிழல் கிடைக்காது. மரமே பால் கொடுக்க அலுத்துக்கொள்ளும் காலம் அது. மரத்துக்கு ஓய்வு உண்டு, எங்களுக்கு இல்லை.

என் தங்கை செல்லம் அப்போது ஏழு மாதம். அதற்கு முந்தின வருஷம் இதே இலை கொட்டும் காலத்தில், ஆறாவது மாதத்தில், காட்டிலேயே மயங்கி விழுந்து, ஆஸ்பத்திரியில் அவளுக்குக் குறைப்பிரசவமாகிப் பிள்ளை செத்தே பிறந்தது. பால் வாளி ஒரு பக்கம் கவிழ்ந்து கிடக்க, அவள் மரத்தடியில் கிடந்ததை முதலில் பார்த்தவள் நான்தான். அதை நான் இன்னும் மறக்கவில்லை. மறக்கப் போவதும் இல்லை. அதனால் இந்த முறை வெயில் ஏறியதும் அவளைக் கையோடு இழுத்துக்கொண்டு டிரசரிடம் போனேன்.

டிரசர் என்றால் தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கொடுப்பவர். டாக்டர் மாதத்துக்கு ஒருதரம் வந்து தலையைக் காட்டிவிட்டுப் போவார். மற்ற நாளெல்லாம் எங்கள் உயிர் டிரசர் கையில். அவர் பெயர் சரவணமுத்து, யாழ்ப்பாணத்துக்காரர், முப்பத்தைந்து வயது, கல்யாணம் ஆகவில்லை. சட்டைக் காலர் கசங்காது. பேச்சில் பாதி இங்கிலீஷ், மீதி அவர் ஊர்த் தமிழ். அவர் ஒரு சீட்டு எழுதி, தோட்டத்து வெள்ளைக்காரத் தொரை கையெழுத்துப் போட்டால், காட்டு வேலைக்குப் பதில் ஆஸ்பத்திரி வாசலில் இலேசு வேலை கிடைக்கும்.

"ஐயா, இவளுக்கு வெயில் ஆவாது. பத்து மணிக்கு மேலயாவது நெழல்ல ஒரு வேல குடுங்க" என்றேன்.

அவர் செல்லத்தை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "கர்ப்பம் ஒரு வருத்தமில்லை" என்றார். வருத்தம் என்றால் அவர்கள் பேச்சில் நோய். "வருத்தத்துக்குத்தான் சீட்டு. ஒன்பதாம் மாசம் பிறக்கட்டும், எழுதித் தாறன். அதுக்கு முதல் எழுதினால் தொரை என்ர கழுத்தைப் பிடிப்பார்."

"அதுக்குள்ள போன வருஷம் மாதிரி ஆயிட்டா?"

"அடுத்த ஆள் வா!" என்று கூப்பிட்டார். என் பின்னால் நின்றது கால்புண்காரன். அவனுக்கு இரண்டு நாள் சீட்டு கிடைத்தது.

ஒரு வாரம் கழித்து அதே டிரசர் ஆள் அனுப்பி என்னைக் கூப்பிட்டார். மேசைமேல் மூன்று சாமான்கள் இருந்தன. ஒன்று, வெள்ளைக்காரி படம் போட்ட வட்ட டப்பா, சிங்கப்பூரிலிருந்து தபாலில் வந்தது. அதன் பெயர் என் வாயில் நுழையவில்லை. நாங்கள் துரைசாணி டப்பா என்றே கூப்பிட்டோம். இன்னொன்று, டவுன் சீனர் கடையில் வாங்கிய முத்துப்பொடிக் களிம்பு. மூன்றாவது, கம்பத்து, அதாவது பக்கத்துக் கிராமத்து, மலாய்ப் பெண்கள் சந்தையில் விற்கும் பெடாக் செஜூக். அரிசியைப் பல நாள் ஊறவைத்து அரைத்து, சின்னச் சின்ன உருண்டையாகக் காயவைத்தது. தண்ணீரில் குழைத்து முகத்தில் பூசினால் குளிர்ச்சி.

"பேச்சி, இந்த வெயிலில் தோட்டத்துப் பொம்பிளையளின்ர முகமெல்லாம் பழுதாகுது" என்றார் டிரசர். "எது நல்ல மருந்தெண்டு நான் ஒரு ஆராய்ச்சி செய்யப் போறன். மூண்டு பேரைக் கூட்டிக்கொண்டு வா. இடக்கன்னத்தில் மட்டும் பூச வேணும். வலக்கன்னம் சும்மா இருக்கட்டும். அப்பத்தான் வித்தியாசம் தெரியும்."

காலில் அட்டை கடித்துச் சீழ் பிடித்துப் போனால் அயோடினைத் தள்ளி நின்று ஊற்றுகிற மனிதர் இவர். திடீரென்று எங்கள் கன்னத்தின்மேல் என்ன இத்தனை கரிசனம்? உள்ளே ஏதோ இருக்கிறது என்று எனக்குப் பட்டது. என்னவென்று பிடிபடவில்லை. டப்பாவோடு வந்த காகிதத்தை அவர் வாசித்துச் சொன்னார்: "பூசினாப் பிறகு வெயில் படக் கூடாது, நிழலில் இருக்க வேணும்."

நிழல் என்ற சொல் காதில் விழுந்ததும் நான் விழித்துக்கொண்டேன்.

"அப்ப பூசிக்கிட்டுக் காட்டுக்குப் போக முடியாதே, ஐயா. வேர்வையில எல்லாம் ஓடிருமே லா. பத்து மணிக்குப் பூசிட்டு இங்கேயே வாசல் கூட்டிக்கிட்டு இருந்தா, மருந்து நல்லா உள்ள எறங்கும்."

டிரசர் யோசித்தார். யோசித்துவிட்டுப் பேனாவை எடுத்தார். மூன்று பேருக்குத் தோல் நோய், இடக்கன்னம், பத்து மணிக்குமேல் இலேசு வேலை என்று எழுதினார். தோல் நோய் என்றதும் தொரைக்குப் பயம். எங்கே பங்களா வரைக்கும் தொற்றிக்கொள்ளுமோ என்று சீட்டைத் தொடாமலே கையெழுத்துப் போட்டாராம். வயிற்றுக்குக் கிடைக்காத சீட்டு கன்னத்துக்குக் கிடைத்தது. நான் சிரிக்கவா அழவா என்று தெரியாமல், நாங்கள் குடியிருந்த லயத்துக்கு நடந்தேன்.

மூன்று பேர் யார் என்று சொல்ல வேண்டியதில்லை. நான், செல்லம், எங்கள் பக்கத்து வீட்டுக் கிருஷ்ணம்மா. காலையில் பால் வெட்டிவிட்டுப் பத்து மணிக்கு ஆஸ்பத்திரிக்கு வந்துவிடுவோம். எங்கள் மூன்று பேர் பாலையும் செல்லத்தின் புருஷன் வீரமுத்துவே எடுத்தான். அந்தக் காலத்தில் மரம் தருவது பாதி வாளிதான் என்பதால் அவனால் முடிந்தது.

டிரசர் எங்கள் முகத்தைத் தொட மாட்டார். மரியாதைப்பட்டவர். மருந்தை ஆளுக்கு ஒரு வாழையிலைத் துண்டில் வைத்துக் கொடுப்பார். நாங்கள் பின்பக்கத் தாழ்வாரத்துக்குப் போய்ப் பூசிக்கொள்ள வேண்டும். இந்த மரியாதைதான் பின்னால் அவருக்கு வினையாக முடிந்தது.

எனக்கு வந்தது பெடாக். உண்மையைச் சொல்ல வேண்டும், அது நல்ல சாமான். பூசினதும் கன்னம் சில்லென்று ஆகும், கண் சொக்கும். என்ன, பாதி முகத்தை மாவில் முக்கி எடுத்த மாதிரி இருக்கும். கங்காணி என்னைக் கண்டு இரண்டு நாள் வழி விலகிப் போனார், அதுவும் நன்மைதான். கிருஷ்ணம்மாவுக்கு முத்துப்பொடி. அதில் அழுகின முட்டை நாற்றம். அதைவிடத் தொல்லை, அவள் இரண்டு கன்னத்திலும் பூசிக்கொண்டாள். டிரசர் கத்தினார்.

"ஒரு பக்கம் மட்டும் செவந்து என்னா பண்ண, ஐயா? என் வூட்டுக்காரர் எந்தப் பக்கமா நின்னு பாப்பாரு?" என்றாள் கிருஷ்ணம்மா. அவருடைய ஆராய்ச்சியிலிருந்து அவள் பெயர் அன்றே அடிக்கப்பட்டது. சீட்டில் மட்டும் பெயர் இருந்தது. தொரை கையெழுத்துப் போட்டதை டிரசரால் அடிக்க முடியாது.

செல்லத்துக்குத் துரைசாணி டப்பா. முதல் நாள் அந்தக் களிம்பை முகத்தருகே கொண்டுபோனதுமே அதன் வாசனைக்கு வாந்தி எடுத்துவிட்டாள். பிள்ளைத்தாய்ச்சிக்கு எதற்கு இந்தப் பாடு என்று நான் அதை வாங்கி என் குதிகால் வெடிப்பில் தேய்த்துக்கொண்டேன். வீணாக்க மனம் வரவில்லை. அன்று தொடங்கி தினமும் அப்படித்தான். செல்லம் முகத்தைத் தண்ணீரில் நனைத்துத் துடைத்துக்கொண்டு, தூணில் சாய்ந்து, புண்ணுக்குக் கட்டும் காயத்துணி சுருட்டுவாள். சில நேரம் உட்கார்ந்தபடியே தூங்கிப்போவாள். அவள் வயிறு மெல்ல ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டே நான் வாசல் கூட்டுவேன். அந்த நாட்களில் எனக்கு இருந்த நிம்மதி வேறு எப்போதும் இருந்ததில்லை.

டிரசருக்கு அளவெடுக்க வேண்டுமே! புகைக்கூடத்திலிருந்து ரப்பர் ஷீட் துண்டுகளை வெட்டி வந்தார். நன்றாக வெளுத்தது ஒன்றாம் நம்பர், புகையில் கறுத்தது ஒன்பதாம் நம்பர், நடுவில் மற்றவை. ஒன்பதையும் நூலில் கோத்து எங்கள் கையில் கொடுப்பார். நாங்கள் கன்னத்தோரம் பிடித்துக்கொள்ள, அவர் நாலடி தள்ளி நின்று பார்த்து எழுதுவார். ஷீட்டுக்குத் தரம் பிரிப்பது போலவே எங்களுக்கும் பிரித்தார். நான் எட்டு. செல்லம் இரண்டு பக்கமும் ஏழு.

இரண்டு வாரம் போனது. நான் எட்டிலேயே நின்றேன், செல்லம் ஏழிலேயே நின்றாள்.

"ஒரு மாற்றமும் இல்லை" என்றார் டிரசர் எரிச்சலோடு. "வாற சனிக்கிழமையும் இப்பிடித்தான் எண்டால் நிப்பாட்டிப் போடுவன். எல்லாரும் காட்டுக்குப் போகலாம்."

சனிக்கிழமையோடு நின்றால், செல்லத்துக்குச் சீட்டு கிடைக்கும் ஒன்பதாம் மாதம் பிறக்க இன்னும் ஒரு மாதத்துக்குமேல் இருந்தது. மரத்தில் ஒரு தளிர்கூட வரவில்லை. போன வருஷத்து வாளி என் கண்முன்னால் கவிழ்ந்து கிடந்தது.

மறுநாள் காலை, ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்கு முன்பே செல்லத்தின் தலைத்துணியை நானே கட்டிவிட்டேன். இடக்கன்னம் முழுவதும் மூடி, தாடைக்குக் கீழே இழுத்து முடிச்சு. வலது பக்கம் திறந்து கிடக்கட்டும். காட்டில் எந்தத் திசைக்குத் திரும்பினாலும் வெயில் வலக்கன்னத்துக்கு மட்டும்தான்.

"எதுக்குக்கா இது?" என்றாள்.

"வைத்தியம்டி. பேசாம இரு."

அந்தச் சனிக்கிழமை செல்லம் இடது பக்கம் ஆறு, வலது பக்கம் எட்டு. அடுத்த வாரம் இடது பக்கம் ஐந்து. டிரசர் நூலை வாங்கி மறுபடி மறுபடி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். இடக்கன்னம் வெளுத்ததைச் சிவப்பு மையில் எழுதினார். வலக்கன்னம் கறுத்ததை எழுதவே இல்லை. அதை அவர் பார்க்கவும் இல்லை. "பேச்சி, பார்த்தியோ! இதுதான் சயன்ஸ்!" என்று அன்றைக்கு எனக்கு ஒரு வெள்ளைக்கார பிஸ்கட் கொடுத்தார். தின்றேன், ஏன் பொய் சொல்ல வேண்டும்.

அந்த வாரம் அவர் அறையைக் கூட்டப் போனபோதுதான் விஷயம் தெரிந்தது. மேசைமேல் கண்ணாடி போட்ட ஒரு போட்டோ. கோட்டும் டையுமாக ஒரு வாலிபன், பால் போல முகம். யாரென்று உற்றுப் பார்த்தேன். மூக்கு டிரசர் மூக்கு.

"நான்தான்" என்றார் பின்னாலிருந்து. "எட்டு வருஷத்துக்கு முதல் சிங்கப்பூரில் எடுத்தது. போட்டோக்காரன் கொஞ்சம் வெள்ளை பூசினவன்."

அப்புறம் தாமாகவே எல்லாம் சொல்லிவிட்டார். தனியாக இருக்கும் மனிதர், சொல்ல வேறு ஆள் இல்லை. இந்தப் போட்டோவை யாழ்ப்பாணத்தில் அன்னபாக்கியம் என்ற பெண்ணின் வீட்டுக்கு அனுப்பியிருக்கிறார்கள். பெண்ணின் அண்ணன் கனகசபை ஜொகூர் பாருவில் அரசாங்க வேலையில் இருக்கிறார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை ரயிலேறி மாப்பிள்ளையை நேரில் பார்க்க வருகிறார்.

"போன முறை ஒரு இடத்திலிருந்து வந்தவை என்னைப் பார்த்துப் போட்டு, போட்டோவில் இருக்கிறது உங்கட தம்பியோ எண்டு கேட்டவை. அதோடை அந்தச் சம்பந்தம் போச்சு. எனக்கும் வயசு போகுது, பேச்சி. இதுவும் போனால்..." என்று நிறுத்திக்கொண்டார்.

பிறகு இழுப்பறையைத் திறந்து புதிதாக ஒரு துரைசாணி டப்பாவை எடுத்தார். உள்ளதைச் சொல்லிவிடலாம். சொன்னால் ஆராய்ச்சி முடிந்தது, செல்லம் காட்டுக்குப் போக வேண்டும். ஒன்பதாம் மாதத்துக்கு இன்னும் இருபத்தைந்து நாள். அவருக்கு முகம், அவளுக்கு வயிறு. நான் வாயை மூடிக்கொண்டேன். இன்று கேட்டாலும் அதைத்தான் செய்வேன்.

ஆனாலும் மனசு கேட்காமல், "ஐயா, எதுக்கும் மொதல்ல கையில கொஞ்சம் பூசிப் பாருங்களேன்" என்றேன்.

"செல்லத்தின்ர முகம் ஒரு மாசம் தாங்கினது. என்ர முகம் தாங்காதோ?" என்று சிரித்தார். "அடுத்த ஞாயிறு வர எனக்கு ஒரு கிழமைதான் இருக்கு. ஒரு நாளைக்கு மூண்டு தரம் பூசப் போறன்."

புதன்கிழமை அவர் வார்டுக்கு வரவில்லை. வியாழக்கிழமையும் கதவு மூடியே இருந்தது. வெள்ளிக்கிழமை தேத்தண்ணி கொண்டுபோன நான் கதவைத் தள்ளிப் பார்த்தேன். அலமாக்! மூக்கைச் சுற்றியும் வாயைச் சுற்றியும் தோல் உரிந்து, உள்ளே சிவப்பும் வெள்ளையுமாகத் திட்டுத் திட்டாக இருந்தது. நெற்றி வீங்கிக் கண் சுருங்கிப் போயிருந்தது. என்னைக் கண்டதும் துவாலையால் மூடிக்கொண்டார்.

"பேச்சி, அவள் என்ன செய்தவள்?" என்றார். குரல் அழுகிற குரல். "செல்லம் இதைப் பூசிப் போட்டு வேறென்ன பூசினவள்? எண்ணெயோ? மஞ்சளோ? எனக்கு மட்டும் ஏன் இப்பிடி? உள்ளதைச் சொல்லு."

அந்தக் குரலுக்கு முன்னால் எனக்குப் பொய் வரவில்லை.

"அவ பூசவே இல்லங்கய்யா. மணம் ஆவாம மொத நாளே வாந்தி எடுத்துட்டா. தலத்துணியால அந்தப் பக்கத்த மூடிக்கிட்டுக் காட்டுக்குப் போனா. அப்புறம் இங்க நெழல்ல இருந்தா. அதான் வெளுத்துச்சு."

அவர் துவாலையை இறக்கினார். "அப்ப இந்தக் களிம்பு ஒருத்தரின்ர தோலிலும் படேல்லையோ?"

"என் குதிகால்ல பட்டுச்சுங்க. வெடிப்பெல்லாம் தோல் உரிஞ்சு நல்லா ஆறிருச்சு."

அதைச் சொல்லியிருக்க வேண்டாம். டப்பா என் தலைக்கு மேலே பறந்து சுவரில் பட்டது. "கள்ளியள்! நாளைக்கே அவளைக் காட்டுக்கு அனுப்புறன்!"

எனக்கும் கோபம் வந்துவிட்டது. "அனுப்புங்க! போன வருஷம் செத்துப் பொறந்த புள்ளையத் துணியில சுத்தி என் கையில குடுத்தது நீங்கதானே? இந்தத் தடவையும் ஒரு துணிய எடுத்து வச்சுக்குங்க! வயித்துக்கு நெழல் கேட்டேன், வருத்தமில்லன்னீங்க. கன்னத்துக்குன்னதும் குடுத்தீங்க. நா என்னாங்கய்யா பண்றது?"

அவர் சுவர்ப் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டார். நான் தேத்தண்ணியை வைத்துவிட்டு வெளியே வந்தேன்.

சனிக்கிழமை செல்லத்தின் சீட்டு ரத்தாகவில்லை. மனம் மாறினாரா, அந்த முகத்தோடு பெரட்டுக்கு வரக் கூசினாரா தெரியாது. சீட்டு நின்றது, எனக்கு அது போதும்.

ஞாயிற்றுக்கிழமை பத்தரை மணிக்கு மாட்டுவண்டியில் கனகசபை வந்து இறங்கினார். குடையும் தொப்பையுமாக, என்னைவிடக் கறுத்த மனிதர். எங்கள் ரப்பர் நூலில் அவருக்குப் பத்தாம் நம்பர் ஒன்று வெட்ட வேண்டியிருக்கும். இவருக்காகவா அந்தப் பாவி முகத்தை உரித்துக்கொண்டார் என்று எனக்கு ஆற்றாமையாக இருந்தது. பலகாரம் பரிமாற என்னை வரச் சொல்லியிருந்தார்கள். செல்லம் தாழ்வாரத்தில் காயத்துணி சுருட்டிக்கொண்டிருந்தாள்.

டிரசர் வெளியே வந்தார். கனகசபை தாம் நீட்டிய கையைப் பாதியில் இழுத்துக்கொண்டார்.

"என்ன இது முகத்தில்? ஏதும் தொற்று வருத்தமோ?" நேரடியாகவே கேட்டார். பெண் கொடுக்க வந்தவர், கேட்காமல் என்ன செய்வார். அவர் கண் வாசலில் நின்ற வண்டியைத் தேடியது.

நோய் என்றால் பெண் இல்லை. களிம்பு என்றால் மானம் இல்லை. டிரசர் என்னைப் பார்த்தார். என்னைப் போய்ப் பார்த்தார்! அந்தப் பார்வையில் கோபம் இல்லை, கெஞ்சல்தான் இருந்தது. என்னால் வந்த வினை, நான்தான் தீர்க்க வேண்டும் என்று எனக்குத் தோன்றிவிட்டது.

"வெயில்தாங்க" என்றேன், பலகாரத் தட்டை வைத்துக்கொண்டே. "எல கொட்டிருச்சா, காட்டுல நெழலே இல்லீங்க. பொம்பளைங்க மயங்கி விழுவுறாங்கன்னு ஐயா தெனமும் தண்ணி வாளியத் தூக்கிக்கிட்டு மரம் மரமா வந்தாருங்க. தொப்பியக் கூட ஒரு கெழவிக்குக் குடுத்துட்டாரு. புள்ளத்தாச்சிங்கள இங்கயே நெழல்ல உக்கார வச்சுட்டாரு. எந்தத் தோட்டத்துலங்க இப்பிடி ஒரு டிரசரு இருக்காரு?"

இவ்வளவு பெரிய பொய் என் வாயிலிருந்து எப்படி வந்தது என்று எனக்கே தெரியாது. கனகசபை டிரசரையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். நம்பினாரா இல்லையா என்று பிடிபடவில்லை. எழுந்து செல்லத்திடம் போனார்.

"உண்மையோ, பிள்ளை? அது சரி, உன்ர முகம் ஏன் ஒரு பக்கம் ஒரு நிறம், மற்றப் பக்கம் வேறு நிறம்?"

செல்லம் பேசத் தெரியாதவள். ஒரு சொல்லுக்கு மூன்று முறை யோசிப்பவள். சேலைத் தலைப்பை இழுத்து வயிற்றை மூடிக்கொண்டு, வலக்கன்னத்தைத் தொட்டுக் காட்டினாள்.

"வெயில்ல இருந்த பக்கம் இதுங்க." பிறகு இடக்கன்னத்தைத் தொட்டாள். "ஐயா எழுதிக் குடுத்த நெழல்ல இருந்த பக்கம் இதுங்க."

அதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. கனகசபை குனிந்து அவள் இரண்டு கன்னத்தையும் பார்த்தார். திரும்பி வந்து டிரசரின் கையைத் தாமே பிடித்துக் குலுக்கினார்.

"உண்மையைச் சொல்லுறன், குறை நினைக்காதேங்கோ" என்றார். "உங்கட போட்டோவைப் பார்த்துப் போட்டு என்ர தங்கச்சி வேண்டாம் எண்டுதான் சொன்னவள். முகத்தில் மா பூசின நாடகக்காரனைப் போல இருக்கிறார், இப்பிடி மினுக்கிற ஆளோடை என்னால் ஏலாது எண்டவள். ஆள் எப்பிடியெண்டு நேரில் பார்த்து எழுதச் சொன்னவள். இண்டைக்கே எழுதுறன்."

டிரசர் நாற்காலியைப் பிடித்துக்கொண்டார். சிரிக்கப் பார்த்தார். உரிந்த தோல் இழுத்து வலித்தது போலும், சிரிப்பு பாதியில் நின்றது.

சித்திரையில் செல்லத்துக்குப் பெண் குழந்தை பிறந்தது. நல்ல எடை, நல்ல குரல். பிரசவம் பார்த்ததும் டிரசர்தான். குழந்தையைத் துடைத்து ஒரு வெள்ளைத் துணியில் சுற்றி என் கையில் கொடுத்தார். நானும் அவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளவில்லை. எனக்கு அழுகை வந்தது, அழுதேன். ஆனியில் அன்னபாக்கியம் அம்மா கப்பலேறி வந்து சேர்ந்தார். டிரசர் முகத்தில் அதற்குள் இரண்டு மூன்று வெள்ளைத் திட்டுகள்தான் மிச்சம். அவை கடைசிவரை மறையவில்லை. அந்த அம்மா அவற்றைத் தம் ஊர்க் கடிதங்களில் தண்ணி வாளித் தழும்பு என்று பெருமையாக எழுதுவாராம்.

அடுத்த வருஷம் மறுபடியும் இலை கொட்டியது. கிருஷ்ணம்மா ஏழு மாத வயிற்றோடு ஆஸ்பத்திரி மேசைமுன் போய் நின்றாள். துணைக்கு நான்.

"கர்ப்பம் ஒரு வருத்..." என்று டிரசர் பழக்கத்தில் ஆரம்பித்தார்.

உள்ளே இருந்து அன்னபாக்கியம் அம்மா வந்துவிட்டார். வெயிலில் போகப் புருஷனுக்கு ஒரு தொப்பியும், கையில் ஒரு தண்ணி வாளியும். "இந்தாங்கோ. அண்ணா எல்லாம் எழுதினவர். இவவுக்கு எங்கே நிழல் போட்டிருக்கிறியள்?" என்றார்.

டிரசர் என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன். அவர் பெருமூச்சு விட்டுப் புத்தகத்தைத் திறந்தார். வயிறு என்று எழுதினால் தொரை கையெழுத்துப் போட மாட்டார். எது எழுதினால் போடுவார் என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். எழுதி முடித்ததும் அந்த அம்மா குனிந்து வாசித்து, ஒன்றும் புரியாமல் எனக்கும் படித்துச் சொன்னார்: "தோல் நோய், இடக்கன்னம்."

அப்புறம் நான் அந்தத் தோட்டத்தில் இருந்த வரைக்கும், இலை கொட்டும் காலம் வந்தால், ஏழு மாதம் ஆன பெண்கள் அத்தனை பேருக்கும் இடக்கன்னத்தில் வியாதி வந்தது. இந்த நோய் ஏன் ஆண்களுக்கு வருவதில்லை, எத்தனை நாளில் தீரும் என்று தொரை ஒருமுறை கேட்டு எழுதினாராம். இரண்டு மாதத்தில் தானாகவே குணமாகிவிடும் என்று டிரசர் பதில் எழுதினார்.